கரடி போகாத மாலை

தட்டைத் தட்டியும் அது போகவில்லை.

சுகிர்தா மறுபடியும் தட்டினாள். எவர்சில்வர் தட்டின் முதுகில் கரண்டியால் மூன்று அடி, கொஞ்சம் நிறுத்தி, இன்னும் மூன்று. மூன்று வருடமாக இதுதான் பழக்கம். வீட்டுக்குப் பின்னால் புற்றில் கறையான் உறிஞ்சிக்கொண்டிருக்கும் கரடி, சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கி ஒரு தரம் உறுமிவிட்டு, அவசரமே இல்லாமல் குன்றுப் பக்கம் நடந்துவிடும். இன்றைக்கு அது பின்னால் இல்லை. முன்கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சாலவாக்கத்தைத் தாண்டி, கல்லும் புதருமாகக் கிடக்கும் குன்றின் அடியில் உத்திரமேரூர் பழக்கடை ரஹமத்துல்லா பாய்க்கு ஒரு சீத்தாப்பழத் தோப்பு இருந்தது. அதற்குக் காவலாக சுகிர்தாவும் புருஷன் சாமுவேலும் வந்து சேர்ந்தார்கள். வந்த முதல் வாரமே முற்றத்து ஈரமண்ணில் மனிதக் கால் போலவும் இல்லாமல் மிருகக் கால் போலவும் இல்லாமல் ஒரு தடத்தைப் பார்த்துவிட்டு, மூட்டையைக் கட்டு என்று அவள் அழுதாள். ஃபாரஸ்ட்டில் வாட்ச்சராக இருந்த வேதகிரிதான் வந்து உட்கார்ந்து பேசினார்.

"அதுக்கு உன்னத் துன்ற ஆசையெல்லாம் இல்ல தங்கச்சி. திடீர்னு எதிர்ல போய் நின்னாதான் பயந்துபோய் மூஞ்சி மேல வுயும். நடக்கசொல்ல சத்தம் குடுத்துக்கினே நட. சீத்தாப் பயத் தோலக் குயி தோண்டிப் பொதச்சிடு. ஆறு மணிக்கு மேல கதவத் தெறக்காத. கிட்ட வந்துச்சின்னா தட்டத் தட்டு, போய்டும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ. அத நோவ அடிக்காத."

அப்படியே நடந்தார்கள். சாமுவேல் சைக்கிளில் திரும்பும்போது ரோட்டு வளைவிலிருந்தே கோயில் பாட்டைக் கட்டைக் குரலில் பாடிக்கொண்டு வருவான். அவள் சாயங்காலத்துக்கு முன்பே தண்ணீர் பிடித்து, ஆட்டைக் கட்டி, தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். ஒருமுறை தாய்க்கரடி இரண்டு குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு வேலியோரம் நின்றது. அவள் ஓடவில்லை. இடுப்பில் குழந்தையோடு ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி வந்தாள். அதுவும் திரும்பிப் போனது. அன்றிலிருந்து பயம் ஒரு பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஆகிவிட்டது. இருக்கிறாள் என்று தெரியும். வம்புக்குப் போவதில்லை.

இன்று காலை கடைக்குக் கொண்டுபோக அவன் பழக்கூடையைச் சைக்கிளில் கட்டும்போதே வானம் மூடியிருந்தது.

"மய வர்ற மாரி கீதுய்யா. நேரத்தோட வந்துடு."

"அஞ்சு மணிக்கெல்லாம் இங்க இருப்பேன்மே. பாட்டு கேக்கும் பாரு," என்றான் சாமுவேல்.

பாட்டு கேட்கவில்லை. நாலரைக்குப் பிடித்த ஐப்பசி மழை சிமெண்ட் ஷீட்டின் மேல் கூடை கூடையாகக் கல்லைக் கொட்டுவது போல விடாமல் இரைந்துகொண்டிருந்தது; அந்த இரைச்சலில் தூளியில் கிடந்த குழந்தையின் சிணுங்கலே இரண்டடி தள்ளிக் கேட்கவில்லை. கரண்ட் போயிருந்தது. மெழுகுவர்த்திச் சுடர் காற்றே இல்லாமல் சாய்ந்து சாய்ந்து நிமிர, சுவரில் தூளியின் நிழல் ஊதிப் பெருத்துச் சுருங்கியது. அடுப்பில் உலை தளதளத்தது. மழை சற்று ஓய்ந்த அந்த ஆறேகாலுக்குத்தான் கதவுக்கு வெளியே மூச்சுச் சத்தம் கேட்டது.

ஈரமான மூச்சு. கஞ்சியை உறிஞ்சுவது போல உள்ளே போய், குமிழியிட்டு வெளியே வந்தது. கரடி மூச்சு அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் அது இடைவெளி இல்லாமல் வரும். இது நின்றது. நின்று, யோசித்தது போல மறுபடி வந்தது.

பிறகு பிறாண்டல்.

கரடி எழுந்து நின்று பிறாண்டினால் கதவின் மேல்பாதி அதிரும். இது அடியில் கேட்டது. கீழ்ப்பலகையில். மெதுவாக.

"போம்மா... போய்டும்மா. புள்ள தூங்குது," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

தட்டினாள். தட்டு நெளியும் வரை தட்டினாள்.

ஒரு முனகல். மறுபடி பிறாண்டல்.

கதவுக்கடியில் இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியே மழைத்தண்ணீர் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. மெழுகு வெளிச்சத்தில் அது கறுப்பாகத் தெரிந்தது. ஆட்டை அறுத்த இடத்து வாடை.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. சாமுவேல் இப்போது வருவான். மழைக்குத் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு, குனிந்தபடி, நேராக இதன் மேலேயே வந்து முட்டுவான்.

"ஏசப்பா, அவர் வர்றதுக்குள்ள இது போவணும்."

போகவில்லை.

உலைப்பானையைப் பழந்துணியால் பிடித்து இறக்கினாள். வேதகிரி சொன்னது காதில் கேட்டது. கேட்டும் நடந்தாள். கதவோரம் குந்தினாள். அந்தப் பக்கம் மூச்சு மிக அருகில். தரையோடு தரையாக.

சாய்த்தாள்.

கொதிநீர் முழுவதும் கதவுக்கடியில் ஓடியது.

அலறல். மிருகத்தின் அலறல்தான். ஆனால் முடிகிற இடத்தில் அது உடைந்து ஒரு எழுத்தாக மாறியது.

"ஸு..."

பானை உருண்டது. மெழுகுவர்த்தி அணைந்தது.

"ஸு... ஸு..."

அதற்கு மேல் வரவில்லை. அவள் பேரின் மிச்சத்தைச் சொல்ல எதுவோ இல்லாதது போல.

தாழ்ப்பாளை எப்படி நீக்கினாள் என்று தெரியவில்லை. வெளியே கண் போன இருட்டு. காலில் சைக்கிள் தடுக்கவில்லை. கூடை தடுக்கவில்லை. படியில் ஈரச் சட்டை மட்டும் கைக்குத் தட்டுப்பட்டது. சட்டைக்குள் முதுகு. முதுகு நடுங்கியது.

"யோவ்... நீயாய்யா? யோவ், பேசுய்யா."

பதிலுக்கு ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது. தோல் வெந்து வழுக்கிய கை. கோபம் இல்லாமல், குழந்தைக்கு வழி காட்டுவது போல, அவள் கையை மெல்ல மேலே கொண்டுபோனது. தோள். கழுத்து. காது.

கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் அவள் விரல்கள் எதிலும் படாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தன.