வெறுங்கை ஜோடி

மனைவியின் நீலச் சட்டையின் முதுகில் ஒரு கை பதிந்திருந்தது.

சலவைக்கடைக்காரர் அதை இஸ்திரி மேசைமேல் கவிழ்த்துப் போட்டு, பெட்டியை வைக்கப் போன நேரத்தில்தான் பார்த்தார். இடது தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, ஈரம் பட்டுக் காய்ந்த வெளிர்க்கோடாக ஓர் உள்ளங்கை, முதுகெலும்பைப் பார்த்து நீண்ட விரல்கள். ஊரார் துணியையெல்லாம் வெளுத்துக் கொடுத்தவருக்குக் கறையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாலையில் கூட்டத்தில் இடித்ததல்ல இது. எதிரே நின்று, நிதானமாக அணைத்துப் பிடித்தவனின் வலது கை. அவர் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அவருடைய விரல்கள் முடிந்த இடத்தைத் தாண்டியும் அந்த விரல்கள் போய்க்கொண்டிருந்தன.

குனிந்து முகர்ந்தார். வியர்வை வாடை இல்லை. ஈரத்தோடு மூட்டை கட்டி, பல நாள் அவிழ்க்காமல் விட்ட துணியின் வாடை அடித்தது. அன்றைக்கு ஒரு வாடிக்கையாளரின் கால்சட்டையைத் தீய்த்துவிட்டு, திட்டும் வாங்கிக்கொண்டார்.

அவள் வியாழக்கிழமைதோறும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவது கடைத்தெரு முனையில் இருக்கும் இசை, நடனப் பள்ளிக்கு. பழைய கிடங்கு ஒன்றை அறை அறையாகத் தடுத்து, அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் பள்ளி அது. வயது வித்தியாசமே கிடையாது. ஓர் அறையில் பால்பல் விழாத பொடிசுகள் மேளத்தைப் போட்டு உடைக்கும், பக்கத்து அறையில் பணி ஓய்வு பெற்றவர்கள் கோரஸ் பாடி மூச்சு வாங்குவார்கள், கடைசியில் இருக்கும் பெரிய கூடத்தில் பெரியவர்களுக்கான ஜோடி நடனம். மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது, இருவரும் சேர்ந்து போகலாம் என்று அவள்தான் முதலில் கூப்பிட்டாள். ஒரு தடவை அல்ல, பல தடவை. "இந்த வயசுல இடுப்பை ஆட்டிக்கிட்டா? என்னை விட்டுடு தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அவர் டிவி பார்க்கப் போய்விட்டார்.

இப்போது அந்தக் கும்பிடு அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"உனக்கு அங்க ஜோடி யாரு?" என்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டார், சும்மா கேட்பதுபோல.

"யாருமில்லைங்க. ஒருத்தர் குறையுது. ஜோடி இல்லாதவங்க வெறுங்கையா ஆடணும்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

"வெறுங்கையான்னா?"

"எதிர்ல ஆள் இருக்கிற மாதிரியே கையைப் பிடிச்சுக்கிட்டு ஆடணும். பாட்டு முடியற வரைக்கும் கை தாழக் கூடாது."

அவள் சொல்லும்போது சிரித்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, அவரைப் பார்க்காமல், உள்ளுக்குள் சிரித்தாள். இப்படிச் சிரித்து அவர் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

அடுத்த வியாழக்கிழமை, துணைக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டு அவரும் போனார். கூடத்துக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கதவின் கண்ணாடிச் சதுரத்தில் கண்ணை வைத்தார். ஆசிரியை, கழுத்தில் விசில் மாட்டிய பருத்த பெண்மணி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று கைதட்டிக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரர் தன் மனைவியோடு ஆடினார், ஓய்வு பெற்ற தபால்காரர் தன் அக்காவோடு. சலவைக்கடைக்காரரின் மனைவி ஓரமாக, இடக்கையைக் காற்றின் தோளில் வைத்து, வலக்கையைக் காற்றுக்குக் கொடுத்து, தனியாகச் சுழன்றுகொண்டிருந்தாள். யாருமே இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காத்தோடு போய் சக்களத்தி சண்டை போட இருந்தோமே என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டு, மேளச் சத்தத்துக்குக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆனாலும் அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும்.

ஏனென்றால் பார்க்கப் பார்க்கச் சில விஷயங்கள் அவர் கண்ணை உறுத்தின. அவள் முகம் நிமிர்ந்தே இருந்தது, அவரைப் பார்க்க அவள் என்றைக்கும் அவ்வளவு நிமிர்ந்ததில்லை. அவள் வலக்கை விரல்கள் தளர்ந்து கிடந்தன, ஆனாலும் கை தாழவில்லை. பாட்டு முடிந்ததும் எல்லோரும் தத்தம் ஜோடிக்குத் தலையசைத்து நன்றி சொல்வது அங்கே வழக்கம், அவளும் சொன்னாள், சொல்லிவிட்டு ஒரு பதிலைக் கேட்டவளாக வெட்கப்பட்டாள். சுழன்று முதுகைக் காட்டும்போதெல்லாம் தோள்பட்டைக்குக் கீழே சட்டைத் துணி உள்ளே அமுங்கியிருந்தது. மடிப்பல்ல. மடிப்புக்கும் அமுக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர்?

பெஞ்சுக்கு அடியில் அவர் கால்கள் தாமாகவே அசையத் தொடங்கியிருந்தன. கண்ணாடிச் சதுரத்தில் அவளை மட்டுமே பார்த்துப் பார்த்து, அவள் கால் எப்போது போகிறது, எப்போது சேருகிறது என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. வேறு யாருடைய காலையும் அவர் பார்க்கவில்லை.

ஒரு வாரம், வீடு திரும்பும் வழியில், தெருவிளக்குக்குக் கீழே நின்று கேட்டே விட்டார். "யாரை நெனச்சுக்கிட்டுப் பிடிக்கிற?"

"மொதல்ல உங்களைத்தான் நெனச்சேன்."

"இப்போ?"

அவள் குடையை விரித்தாள். மழை இன்னும் தொடங்கவில்லை.

அன்று இரவு கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தபோது, அவளிடமிருந்து அந்த ஈரமூட்டை வாடை வந்தது. அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பொறாமை பெரிதாக இருந்தது. எவனாக இருந்தால் என்ன, என் இடத்தில் நிற்கிறான், நகர்த்தியே ஆக வேண்டும். என் பெண்டாட்டி எனக்கு வேண்டும். இதை நினைத்துக்கொண்டே விடியும்வரை விழித்திருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை புதுச் செருப்பு, தானே தேய்த்த வெள்ளைச் சட்டை. வெளியே மழை பிடித்துக்கொண்டு, கூடத்தின் தகரக் கூரை இரைந்தது. ஆசிரியைக்கு ஒரே சந்தோஷம். "அப்பாடா, ஜோடி சேர்ந்துடுச்சு! வாங்க சார், வாங்க." பேக்கரிக்காரர் கைதட்டினார்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே கைகளை உயர்த்தி நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வேணாங்க" என்றாள் மெல்ல.

"ஏன்?"

"இடம் இல்ல."

அவருக்கு முகம் சிவந்தது. எல்லோரும் பார்க்கிறார்கள். நேராகப் போய் அவள் கைகளுக்கு நடுவே நுழைந்து நின்றார். நடுவில் குளிர்ந்தது. அலசிப் பிழியாத போர்வையை மேலே போர்த்திய குளிர். அவளுடைய இடக்கை அவர் தோளில் இறங்கவில்லை, அவர் தலைக்கு மேலே எங்கோ நின்றது. அதைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். அவள் முதுகில், அந்தக் கறை இருக்கும் இடத்தில், தன் வலக்கையை வைத்து அழுத்தினார். இது என் இடம்.

பாட்டு தொடங்கியது. ஒன்று.

அவர் வலது காலைப் பின்னால் வைத்தார்.

அவளும் வலது காலைப் பின்னால் வைத்தாள்.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பிடி விட்டுப்போயிற்று. இருவருக்கும் நடுவே ஒரு கை நீளம் இடைவெளி. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெஞ்சில் உட்கார்ந்து இத்தனை வாரமாகப் படித்தது அவளுடைய அடிகளை. முன்னால் வருகிறவனின் அடிகளை அல்ல, பின்னால் போகிறவளின் அடிகளை. வேறு எதையும் பார்க்க அவர் பொறாமை விடவில்லை.

"டீச்சர், நில்லுங்க, நான்" என்று வாயெடுத்தார்.

இரண்டு.

உயர்ந்தபடியே நின்றுவிட்ட அவருடைய வலக்கைக்குள் ஏதோ வந்து சேர்ந்தது. ஈரமாக. விரல் விரலாக. கையை உதறினார். உதற வரவில்லை.

மூன்று.

முதுகில் ஓர் உள்ளங்கை. பெரியது. பொறுமையானது.

கால் பின்னால் போயிற்று. அவர் வைக்கவில்லை. அது போயிற்று. மறு கால். சுழற்சி. கூரை இரைந்தது. அந்த வாடை அவர் வாய்க்குள்ளேயே வந்துவிட்டது. கத்தினார். கத்தியது பாட்டுக்கு வெளியே கேட்கவில்லை. முகம் தானாக நிமிர்ந்தது. மேலே. இன்னும் மேலே.

"பரவாயில்லையே சார்!" என்று ஆசிரியை கைதட்டினாள். "முதல் நாளே வெறுங்கையா இவ்வளவு அழகா! கை தாழவே இல்ல பாருங்க."

பாட்டு முடிந்தது. ஜோடிகள் தலையசைத்து நன்றி சொல்லிக்கொண்டன. பேக்கரிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு குடையைத் தேடினார். தபால்காரர் தன் அக்காவைக் கைப்பிடித்துப் படியிறக்கினார். ஆசிரியை ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

அவர் கால்கள் நிற்கவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. மழைச் சத்தத்தில் செருப்பு தேய்ந்தது. சுழலும்போது மனைவி தெரிந்தாள். மறைந்தாள். தெரிந்தாள். கூடத்தின் ஓரத்தில், கைகள் இன்னும் அந்தரத்தில் நிற்க, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்று கண்ணாலேயே கெஞ்சினார். என்னைப் பிடித்து இழு.

அவள் கிட்டே வந்தாள். அவள் முகத்தில் பயமில்லை. அழுகையில்லை. அங்கே இருந்ததை அவருக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வாரமாகக் கதவுக் கண்ணாடியில், தன் முகத்தில், அதைத்தான் பார்த்திருந்தார்.

அவள் பார்வை அவர் தலைக்கு மேலே போயிற்று.

"போதும்" என்றாள். "அவரை விடுங்க. என்கிட்ட வாங்க."

அவர் முதுகில் வெள்ளைச் சட்டை இன்னும் கொஞ்சம் அமுங்கியது. ஐந்து விரல்களும் இறுகின. ஈரம் பரவிற்று.