குத்துமதிப்புக் காற்று

அன்று காலை நிலவரப்படி ஓர் உயிரின் விலை நாற்பது நிழல். முந்தின நாள் முப்பத்தெட்டு. வெயில் ஏறினால் விலையும் ஏறும். தூத்துக்குடி உப்புச் சந்தைத் தெருவில் இதற்கெல்லாம் யாரும் வாயைப் பிளப்பதில்லை. ஒரு வீட்டை ஒரு மணி நேரம் குளிர வைத்தால் அது ஒரு நிழல். வெயிலில் சுருண்டு விழுந்தவரை மருத்துவமனைக் குளிர்த்தொட்டியில் கிடத்தி எழுப்ப நாற்பது நிழல் கேட்பார்கள். நான் நிழல் தரகன். என் அப்பா வெங்காய மண்டியில் தரகு பார்த்தவர். வெங்காயம் பரவாயில்லை, உரித்தால்தான் கண்ணீர் வரும்.

கடையைத் திறக்கும்போதே விமானி ஜெசிந்தா வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, எட்டுப் பெட்டி வேணும். பன்னண்டுல இருந்து மூணு வரைக்கும்."

"உச்சி வெயில்லயா? தெருவயே கொல்லுததுக்கா?"

"காப்பாத்துததுக்கு."

புதிய செயலிச் சில்லுகள் செய்யும் ஆலைகள் மூடி ஒரு தலைமுறை ஆகிறது. வீட்டுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு செயலி, அதற்கு அளந்துவிடும் மின்சாரம். அந்த மின்சாரத்தில் பெட்டி கணக்குப் போடலாம், அல்லது வீட்டைக் குளிர்விக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யாது. அதனால் பகலில் பெட்டியை இரவல் கொடுப்பவன் தன் குளிர்ச்சியைத்தான் கொடுக்கிறான். அதை வாங்கி விற்பது என் பிழைப்பு.

ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னாள். வெள்ளைத்திட்டுத் தீவில் நாற்பத்தொரு பேர் மாட்டியிருக்கிறார்கள். அலை உக்கிரத்தில் படகு கிட்டே போக முடியவில்லை. ஓடுபாதையில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. அடுத்த ஏற்றத்தில் மீதியும் போகும். இங்கே ஒரு விமானம் இருக்கிறது, ஆனால் வான்வாரியத்தின் பூட்டுப் போட்டு இருக்கிறது. பாவனைக்கூண்டில், அதாவது சிமுலேட்டரில், அன்றைய காற்றை வைத்து, நிகழ்வேகத்தில் மூன்று முறை சரியாக இறக்கிக் காட்டினால்தான் பூட்டு திறக்கும்.

"ஒத்தச் செயலில ஓட்டுனா ஒரு நொடிக் காத்து வர ஆறு நொடி ஆகுது. அந்தக் காத்துல எங்க வீட்டு ஆடுகூட விமானத்த இறக்கிரும். பூட்டு ஒத்துக்காது."

"கையில எவ்வளவு இருக்கு?"

"நாப்பது."

"அது உனக்கு ஒண்ணுன்னா எடுத்துக்கிடன்னு சேத்து வச்சது இல்லா?"

"ஆமா. பெட்டிக்கு அஞ்சு, எட்டுப் பெட்டி. முடிச்சுக் குடுங்க."

"என் தரகு நாலு?"

"இறங்கி வந்து தாரேன்."

திரும்பி வந்தால் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பாக்கி எழுதிக்கொண்டேன்.

ஏழு வீட்டைப் படியவைத்தேன். எட்டாவது ஆள் உப்புக்கடை தங்கப்பழம். அவரிடம் தெருவிலேயே ரொம்பப் பழைய பெட்டி ஒன்று இருந்தது. கூண்டை வைக்கத் தோதான பெரிய குடோனும் இருந்தது.

"ஒம்பது" என்றார்.

"உம்ம பெட்டி கணக்குப் போடுததுக்குள்ள நான் விரல்விட்டு எண்ணிருவேன். அஞ்சு."

தங்கப்பழத்தோடு பேரம் என்றால் ஒரு பொழுது ஓடும். இடையில் சோடா வரும், கோபம் வரும், ஒருவரையொருவர் பரம்பரையோடு ஏசிக்கொள்வோம். அன்று அவர் தொண்டையைச் செருமினார். "சரி, அஞ்சு." அவ்வளவுதான். நல்ல தரகன் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மலிவாகக் கிடைத்த மகிழ்ச்சியில் நான் விட்டுவிட்டேன்.

கணினிக்கு நிரல் எழுதுபவள் காயல்பட்டினத்துப் பல்கீஸ். ஜன்னல் வழியாக ஜன்னலுக்கு வயர் இழுத்து, எட்டுப் பெட்டியையும் கூண்டோடு இணைத்தாள். இறக்கைக்கு ஒரு செயலி, காற்றுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, கண்ணுக்குத் தெரியும் காட்சிக்கு இரண்டு என்று வேலையைப் பங்கு வைத்தாள். உச்சிப் பொழுதில் தெரு முழுக்கக் குளிர்ச்சி நின்றது. சனங்கள் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்கள். கூண்டு ஓடத் தொடங்கியது.

ஒரு நொடிக்கு ஒன்பது நொடி.

"ஒத்தப் பெட்டிக்கே ஆறுதான?" என்றேன். "எட்டுப் பேரக் கூட்டிட்டு வந்து வேகத்தக் கொறச்சிருக்கியேம்மா!"

பல்கீஸ் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "எல்லாம் ஒண்ணையொண்ணு பாத்துட்டு நிக்குது அண்ணாச்சி. இறக்கை எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் காத்து கணக்குப் போடும். காத்து எப்படின்னு தெரிஞ்சாத்தான் இறக்கை அசையும். எல்லாத்துக்கும் கடைசியா உப்புக்கடைப் பெட்டி."

"அப்ப அதக் கழட்டிரு. அஞ்சு நிழல் மிச்சம்."

"கழட்டிப் பாரும்" என்றார் தங்கப்பழம். "குடோனப் பூட்டிட்டு சாவியக் கடல்ல போடுதேன்."

அந்த வீம்பும் எனக்கு விளங்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாவுக்கடைப் பூரணத்தக்காவுக்குத் தலை சுற்ற, உப்புத்தண்ணீர் கரைக்க உப்பு கேட்டுப் பல்கீஸ் முன்கடைக்கு ஓடினாள்; தங்கப்பழமும் நானும் பின்னால் போனோம். தங்கப்பழம் ஒரு கை அள்ளித் தராசில் போட்டார். தட்டு ஆடிக்கொண்டிருக்கும்போதே "மூணு ரூவா" என்று கையை நீட்டினார். வெயிலில் செத்தாலும் இனாம் கிடையாது.

"எடை நிக்கவே இல்லையே, எப்படி வெல சொல்லுதீக?"

"குத்துமதிப்புதான். தட்டு நிக்கட்டும்னு நின்னா வரிசை கடல் வரைக்கும் போயிரும். சொல்லிருவேன். நின்னப்புறம் ஒரு சிட்டிகை போடுவேன், இல்ல எடுப்பேன்."

பல்கீஸ் மூன்று ரூபாயை வைத்துவிட்டு ஆடும் தட்டையே பார்த்தாள். பிறகு உப்பை என் கையில் திணித்தாள்.

"அண்ணாச்சி, அக்காவுக்கு நீங்க கரைச்சுக் குடுங்க. படிக்கிறப்ப இந்தக் குத்துமதிப்புக்கு வேற பேரு சொல்லிக் குடுத்தாங்க. பரீட்சை எழுதிட்டு மறந்துட்டேன்."

அவள் செய்தது இதுதான். எந்தப் பெட்டியும் இனி அடுத்த பெட்டிக்காகக் காத்திருக்காது. இறக்கை எங்கே இருக்கும் என்று காற்று தானே ஒரு குத்துமதிப்புப் போட்டுக்கொண்டு மேலே போகும். உண்மை விடை பின்னால் வரும்போது சிட்டிகை கூட்டும், குறைக்கும். உப்புக்கடைப் பெட்டியையும் அவள் கழற்றவில்லை. கடல் மட்டத்தை அதனிடம் கொடுத்தாள். கடல் மெதுவாகத்தான் ஏறும். அந்த வேகத்தில் கணக்குப் போட அதற்குத் தெரியும்.

நொடிக்கு நொடி. நிகழ்வேகம்.

ஜெசிந்தா கூண்டில் ஏறினாள். தரை தொடும் நேரத்தில் குத்துமதிப்புக்கும் உண்மைக்கும் பெரிய இடைவெளி விழுந்து, கூண்டு எகிறிக் குதித்தது. திரையில் விமானம் கடலில் கிடந்தது.

"திருத்தம் வர்றப்ப குலுங்குது ஜெசிந்தா. அதச் சீராக்க எனக்கு ரெண்டு நாள் வேணும்."

"ஏட்டி, நெசக் காத்து மட்டும் முன்னாடியே சொல்லிட்டா வருது?" ஜெசிந்தா வாரை இறுக்கினாள். "குலுங்கட்டும். ஓட்டு."

அடுத்த முறை அவள் திருத்தத்துக்குக் காத்திருக்கவில்லை. அவளும் குத்துமதிப்பாகக் கையைத் திருப்பிவிட்டு, பிறகு சிட்டிகை சரிசெய்தாள். சக்கரம் ஓடுபாதையின் விளிம்பில் நின்றது. மறுபடி ஏறினாள், நின்றது. மூன்றாவது நல்ல இறக்கத்தைத் தங்கப்பழம் திரையில் பார்க்கவே இல்லை. தன் பழைய பெட்டியின் மேல் ஈரத்துணியைப் போட்டு, விசிறி எடுத்து அதற்கு வீசிக்கொண்டிருந்தார்.

பூட்டு திறந்தது.

பொழுது சாயும் நேரத்தில் விமானம் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தது. நாற்பத்தொரு பேரும் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய பெண்ணைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கியது. தங்கப்பழத்தின் மகள் ராஜகனி. கல்யாணச் சண்டையில் எட்டு வருடம் முன்னால் போனவள். அவள் பெயரை அவர் எடுத்து நாங்கள் கேட்டதில்லை. மதுரைப் பக்கம் இருக்கிறாள் என்றுதான் தெருவே நினைத்திருந்தது.

"உப்புக்கடைய இன்னுமா மூடல?" என்றாள் அப்பாவிடம்.

"வெயில்ல நிக்காத. வண்டில ஏறு" என்றார். சூரியன் மறைந்துவிட்டிருந்தது.

நான் அவரை ஓரமாக இழுத்தேன். "வே, மக அங்க இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லிருந்தா நீரு மூணுக்கு முடிச்சிருப்பீரு."

முடித்திருப்பேன். அவருக்கு என்னைத் தெரியும்.

வந்தவர்கள் எட்டு வீடுகளில் தங்கினார்கள். மறுநாள் வயரைக் கழற்றப் போன பல்கீஸைத் தெரு விடவில்லை. அவ்வளவு பேரை எட்டுத் தனிப்பெட்டிகள் தாங்காது. சேர்ந்த பெட்டிகள் தாங்கின. அதைப் பார்த்து மற்ற வீடுகளும் வயரில் சேர்ந்தன, என் வீடும் ஜெசிந்தா வீடும்கூட. எந்த வீட்டில் எத்தனை பேர், எங்கே வேக்காடு என்று அவை குத்துமதிப்புப் போட்டு, ஆளில்லாத அறையின் குளிர்ச்சியை ஆள் இருக்கும் அறைக்குத் திருப்பின. தப்பினால் சிட்டிகை சரிசெய்தன. யார் நிழல் யார் சுவரைத் தாண்டிப் போகிறது என்று அளக்க வழியில்லை. அளக்க முடியாததை யார் விற்பது? விற்காத தெருவில் தரகன் எதற்கு?

கணக்கு இதுதான். வரவு, நாற்பத்தொரு உயிர். செலவு, நாற்பது நிழல். அன்றைய விலைக்கு ஓர் உயிர் வாங்கும் தொகை. இன்றைய விலை தெரியவில்லை, கேட்டால் சொல்ல ஆளில்லை. என் தரகு நான்கு நிழல் ஜெசிந்தா பேரில் நிற்கிறது. போய்க் கேட்டேன்.

"உங்க வீடு குளிரா இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு."

"அதுல என்னோடது எவ்வளவு இருக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். குத்துமதிப்பாகக்கூடச் சொல்ல வரவில்லை. பாக்கி நான்கு, அப்படியே நிற்கிறது.