சாமிக்கோழி முட்டை

செல்லியின் வீட்டில் ஒரு கோழி இருந்தது. சாம்பல் நிறம். தலையில் கோணலாக ஒரு சின்னக் கொண்டை. அதை யாரும் விரட்டக் கூடாது, விற்கக் கூடாது. காளியாத்தாவுக்கென்று நேர்ந்து விட்ட கோழி அது. அந்தத் திமிர் அதன் நடையிலேயே தெரியும்.

ஆனால் யாருக்காக நேர்ந்து விட்டார்களோ, அந்தக் குழந்தைதான் இப்போது இல்லை.

செல்லியின் கைக்குழந்தைத் தம்பிக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. ஜவ்வாது மலையில் அவர்கள் ஊருக்கு அப்போது பஸ் கிடையாது. மூங்கிலில் துணியைத் தூளியாகக் கட்டி, ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கிளம்பும்போது அம்மா சாந்தம்மாள் இந்தக் கோழியைக் காட்டி, "புள்ள பொழைச்சா இது உனக்கு, ஆத்தா!" என்று வேண்டிக்கொண்டாள். பாதி மலை இறங்குவதற்குள் குழந்தை போய்விட்டது.

அப்புறம் கோழி யாருடையது? ஆத்தாவுடையதா, வீட்டுக்காரர்களுடையதா? அதைக் கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. கோழியோ அதைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல் முட்டை போட்டுக்கொண்டே இருந்தது. செல்லி எடுத்துக் கூடையில் வைப்பாள். யாரும் தொடமாட்டார்கள்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். பேச்சு கிடையாது. களி கொடுத்தால் கையால்கூடத் தொடுவதில்லை. தண்ணீர் மட்டும் குடிப்பாள். அப்பா கோபால்சாமி நிலத்துக்குப் போவார், வருவார், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

அன்று காலையில் பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் வாசலில் நின்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் செல்லிக்குக் கேட்டுவிட்டது.

"இப்டியே பட்டினி கெடந்தா அவளும் போய்டுவா. பார்த்துக்கோங்க."

அம்மா எதைக் கொடுத்தால் சாப்பிடுவாள்? யோசித்து யோசித்து, கடைசியில் அவள் கண் முட்டைக் கூடையில் போய் நின்றது. அம்மாவுக்குக் கீரை போட்ட முட்டை அடை என்றால் உயிர்.

நேராகப் பூசாரி தசரதனிடம் போனாள். அவர் வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தார். முள் குத்திய கோபத்தில் இருந்தார்.

"மாமா, சாமிக்கோழி போட்ட முட்டை யாருது?"

"இன்னா கேள்வி இது? சாமிதுதான்."

"அப்போ சாமிக்கே படைக்கலாமா?"

"படைக்கலாம்."

"பச்சை முட்டையா, சமைச்சா?"

"சமைச்சுதான். பச்சை முட்டைய ஆத்தா இன்னா பண்ணுவா?"

"படைச்சப்புறம்?"

"ஏன்டி குடையற? படையல வூட்ல கீறவங்க பகுந்து துன்றதுதான்." சொல்லிவிட்டுத்தான் அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஓகோ! அப்டி வர்றியா நீ?"

செல்லி அங்கே நின்றால்தானே! ஒரே ஓட்டம்.

வீட்டில் இன்னொரு தம்பி சடையன் காத்திருந்தான். ஏழு வயசு. பசி என்று சொல்ல அவனுக்கு நேரம் காலமே கிடையாது. பழைய முட்டைகளாயிற்றே, கெட்டிருந்தால்? செல்லி ஒரு குண்டான் தண்ணீரில் முட்டைகளைப் போட்டாள். சில அடியில் போய்ப் படுத்தன. சில மேலே மிதந்தன.

"மிதக்கறதுதான் நல்லா நீச்சல் அடிக்குது. அத்த எடுக்கா!" என்றான் சடையன்.

"மிதந்தா அழுகிப்போச்சுன்னு அர்த்தம்டா. கொண்டுபோய்த் தூரமாப் பொதைச்சிட்டு வா."

முருங்கைக்கீரையை உருவினாள். கொல்லையில் இருந்த அவரைப்பிஞ்சைப் பறித்துப் பொடியாக நறுக்கினாள். சின்ன வெங்காயத்தை அரியும்போது கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்தால் வந்த நீர் கொஞ்சம்தான். மீதி போய்விட்ட குட்டித் தம்பியை நினைத்து வந்தது. தூளித் துணி இன்னும் மூலையில் மடித்த மடிப்பிலேயே கிடந்தது.

மண்சட்டியில் எண்ணெய் விட்டுக் காய்கறியை வதக்கினாள். முட்டைகளை உடைத்து நுரை வர அடித்தாள். உப்பைக் கொட்டாங்கச்சியில் எடுத்து அடுப்போரம் வைத்தாள். அந்த நேரம் பார்த்து சடையனின் விரல் முட்டைக் கலவைக்குள் போகப் பார்த்தது.

"டேய்! படையல்டா! எச்சில் பண்ணிடாத!"

"மோந்தாவது பார்க்கறேங்கா..."

"மோந்தாலும் எச்சில்தான். தள்ளிப் போ!"

அவனை ஒரு கையால் தள்ளிக்கொண்டே, மறு கையால் கலவையைச் சட்டியில் ஊற்றினாள். அம்மா செய்வதைப் போலவே அடுப்புத் தீயைத் தணித்தாள். தட்டால் மூடி, தட்டின் மேலும் கொஞ்சம் தணலை அள்ளிப் போட்டாள். அப்படிச் செய்தால் அடையைத் திருப்பிப் போட வேண்டாம், மேலும் கீழும் சேர்ந்து வெந்துவிடும். மூடியைத் திறந்தபோது அடை உப்பி, ஓரமெல்லாம் சிவந்து, பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. வாசனைக்குச் சடையன் கண்ணை மூடிக்கொண்டான்.

தேக்கிலையில் வைத்து, காளியாத்தா என்று ஊரார் கும்பிடும் கல்லுக்கு எடுத்துப் போனாள். என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியவில்லை. மனசில் இருந்ததைச் சொன்னாள்.

"தம்பியை நீ காப்பாத்தல. உன் கோழிய நாங்க பத்திரமாத்தான் வச்சினுகீறோம். எங்கம்மாவ மட்டும் சாப்புட வையி."

செல்லி இலையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அப்பா வீட்டில் இருந்தார். "எதுல செஞ்ச?" என்றார்.

"சாமிக்கோழி முட்டைலப்பா."

"உனக்கு இன்னா பைத்தியமா?" அப்பா எழுந்தே விட்டார்.

"ஆத்தாவுக்குப் படைச்சுட்டேம்பா. படையல நாமதான் துன்னணும்னு பூசாரி மாமாவே சொன்னாரு."

அப்பா மெதுவாக உட்கார்ந்தார். செல்லி அவருக்கும் சடையனுக்கும் ஆளுக்கொரு துண்டு வைத்தாள். அப்பா ஒரு வாய் தின்றார். கொஞ்சம் நிறுத்தி, பிறகு மென்றார். "நல்லாத்தான் கீது" என்றார். சடையன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டு தின்றான்.

செல்லி அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஆத்தா படையல்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தக் கோழியின் முட்டை என்பது அவள் காதிலும் விழுந்திருந்தது.

செல்லி முந்தானையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தா மேல கோவமா இருந்தா இரும்மா. எனக்கும் கோவந்தான். ஆனா இது நான் செஞ்சதும்மா. நீ செய்யறாப்பலயே செஞ்சேன். நீயும் போய்ட்டா நானும் சடையனும் இன்னாம்மா பண்ணுவோம்?"

அப்புறம் முந்தானை விலகியது. அம்மாவின் கண்கள் குழிக்குள் கிடந்தன. செல்லி ஒரு சின்ன விள்ளலை எடுத்து அவள் வாயில் வைத்தாள். அம்மா மென்றாள். நிறுத்தினாள். செல்லியின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாடி இது," என்றாள். குரல் கரகரத்தது. "உப்பே போடலியே?"

செல்லி வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஐயோ! உப்பு கொட்டாங்கச்சியிலேயே இருக்கிறது! படையலைச் சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாதே, பிறகு எப்படித் தெரியும்!

"நான் அப்பவே சொல்ல வந்தேன்! அப்பாதான் முறைச்சாரு!" என்றான் சடையன். அப்பா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். செல்லி தோளைக் கொடுத்தாள். அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்பங்கரைக்கு நடந்து, கொட்டாங்கச்சியை எடுத்து வந்தாள். உப்பை விரலால் நுணுக்கி எல்லோருடைய துண்டிலும் தூவினாள்.

பிறகு, யாரும் சொல்லாமலே, இலையிலிருந்து இன்னொரு விள்ளல் எடுத்துத் தின்றாள்.