நெகட்டிவ் ரத்தம்

மூன்றாவது வரிசை மஞ்சளாகியிருந்தது. மஞ்சளாகவே கூடாத வரிசை. அதில் இருந்தது ஷெர்லினின் சொந்த ரத்தம்.

ஒரகடத்தில் பரிசோதனை கிட் தயாரிக்கும் அந்தக் கம்பெனிக்கு, ஞாயிற்றுக்கிழமை பகல் ஓ.டி. பார்க்க அவள் ஒருத்திதான் வந்திருந்தாள். பிளேட்டிலுள்ள தொண்ணூற்றாறு குழிகளின் அடியிலும், பூஞ்சையிலிருந்து பிரித்துச் சுத்தப்படுத்திய ஆன்டிஜென் பூசியிருக்கும். பூஞ்சை குடியேறிய உடம்பின் ரத்தம் என்றால் குழி மஞ்சளாகும். நல்ல ரத்தம் என்றால் தண்ணீர் மாதிரி நிற்கும். கிட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு ரத்தமும் வேண்டும். அந்த நல்ல ரத்தத்துக்காக வெளியே அலைவானேன் என்று, லேபில் வேலை பார்க்கிற பெண்ணிடமே மாதம் ஒரு குழாய் எடுத்து 'நெகட்டிவ்' என்று லேபிள் ஒட்டிவிடுவார்கள். எட்டு மாதமாக ஷெர்லின்தான் நெகட்டிவ். மாமியாரிடம்கூடப் பெருமையடித்திருக்கிறாள்.

சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு, புதுப் பிளேட் எடுத்து முதலிலிருந்து செய்தாள். ஏ.சி. உறுமுகிற அந்த ஜன்னலில்லாத அறையில், ஸ்பிரிட் வாசனைக்கு அடியில் ஈரச் சாக்கின் வாசனை மெல்ல வந்து வந்து போக, குழிகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நிறம் அதே வரிசையில்தான் எழுந்தது. முன்னைவிடக் கெட்டியாக.

சூப்பர்வைசர் புருஷோத்தமனுக்குப் போன் போட்டாள்.

"சார், நெகட்டிவ் மஞ்சளா வருது சார்."

"வாஷ் ஒழுங்கா பண்ணியா?"

"ரெண்டு வாட்டி பண்ணிட்டேன். அந்த ஆன்டிஜென்லேர்ந்து எனக்கு எதுனா ஒட்டிக்கினு இருக்குமா சார்?"

"அது செத்த சரக்கு. செத்தது இன்னா பண்ணும்? அங்கயே இரு, வரேன். வேற யாருக்கும் போன் போடாத."

செத்தது ஒட்டாது என்பது அவளுக்கும் தெரியும். அப்படியானால் உயிரோடிருப்பது எங்கிருந்து வந்தது? நெஞ்சில் கை வைத்து மெதுவாக மூச்சை இழுத்தாள். உள்ளே எங்கோ கரகரத்தது. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரிய வேண்டும். நோயாளியின் ரத்தத்தோடு நிறத்தை ஒப்பிடலாம் என்று ஃப்ரீசரைத் திறந்து, புருஷோத்தமன் மட்டுமே தொடுகிற பாசிட்டிவ் குப்பிகளின் பெட்டியை எடுத்தாள்.

எல்லாக் குப்பியிலும் ஒரே பெயர். கவிப்பிரியா.

இதே ஸ்டூலில் ஷெர்லினுக்கு முன்பு உட்கார்ந்து வேலை பார்த்த பெண். அவளும் நெகட்டிவ் கொடுத்தவள்தான். கல்யாணமாகி வாலாஜாபாத் போய்விட்டாள் என்று சொன்னார்கள். கடைசிக் குப்பியில் ரத்தம் எடுத்த தேதியைப் பார்த்தாள்.

முந்தாநாள்.

கதவு திறந்து மூடியது. புருஷோத்தமன் கதவைத் திறக்கிற கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எப்போதும் எரிந்து விழுகிறவர், இன்று கத்தவில்லை.

"சூப்பரா வந்துகீது."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போணும் சார். கதவத் தொறங்க."

"அங்க போனா மருந்து குடுத்து கொன்னுடுவான்."

"என்னையா சார்?"

"உன்ன இல்ல. உள்ள கீதே, அத்த. பாசிட்டிவ் ரத்தம் கெடைக்கறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா?"

அவள் வாசல் கதவை இழுத்தாள். அசையவில்லை. குத்தினாள். வெளியே ஆளில்லை.

'ஸ்டோர்' என்று எழுதியிருந்த உள்கதவில் அவர் கார்டை வைத்தார்.

வெள்ளை வெளிச்சம். ஈரச் சாக்கு வாசனை. இரண்டு கட்டில்கள். ஒன்றில் மடிப்புக் கலையாத புது விரிப்பு.

மற்றதில் கவிப்பிரியா.

இமைகளில், உதட்டோரத்தில், பழைய ரொட்டியில் பூக்குமே, அந்தச் சாம்பல் ரோமம். மூச்சுவிட்டாள். ரோமம் அசைந்தது. அதிலிருந்து பொடி எழுந்து, மேலே, லேப் பக்கம் போகும் ஏ.சி. துவாரத்துக்குள் நுழைந்தது.

அவருடைய காலடிச் சத்தம் கேட்டதும், கண்ணைத் திறக்காமலே, கவிப்பிரியா கையை நீட்டினாள். நரம்பு புடைக்க, விரல்களை இறுக மடக்கிக்கொண்டாள்.