உடைக்காவிட்டால் பரிசு

மேகத்தைக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பாள். முதல் இரண்டு தடவையும் அவள் வேறு எங்கோ இருப்பாள். ஜன்னல் கண்ணாடியில் வழுக்கும் மழைத்துளியோடு இருப்பாள், இல்லாவிட்டால் சுவரில் நகரும் வெயிலோடு. அதனால்தான் மாமா அவளுக்கு 'மேகம்' என்று பட்டப்பெயர் வைத்தார். கடைசியில் வீட்டில் எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. ராணுவத்தில் இருந்தவர். போன வருடம் ஒரு குண்டு வெடித்ததில் இடது கையை முழங்கைக்குக் கீழே இழந்துவிட்டார். வீடு திரும்பிய பிறகு அவர் வாசலைத் தாண்டியதே இல்லை.

அன்று மேகத்தின் பள்ளி மைதானத்தில் ஒரு விழா. காயம்பட்ட வீரர்களுக்கு உடற்பயிற்சிக் கூடம் கட்டுவதற்காக நிதி திரட்டினார்கள். "உன்னை மாதிரி வீரர்களுக்காக நடத்துற விழாவுக்கு நீயே வரலேன்னா எப்படி?" என்று அம்மா நச்சரித்து நச்சரித்து மாமாவைக் கிளப்பிவிட்டாள்.

"வர்றேன் அக்கா. மேடையில ஏறச் சொன்னா மட்டும் ஓடிடுவேன்" என்றார் மாமா.

"நானும் மாமாகூட ஓடிடுவேன்" என்றான் மேகத்தின் தம்பி பட்டாணி. அவனுக்கு எதற்காக ஓட வேண்டும் என்பதெல்லாம் முக்கியமில்லை. ஓடினால் போதும்.

மைதானம் முழுக்க மாலை வெயில் தேன் மாதிரி பரவிக் கிடந்தது. மரத்துக்கு மரம் கட்டியிருந்த காகிதத் தோரணங்கள் காற்றில் மெல்ல ஏறி இறங்கின. யாரோ புல்லாங்குழல் வாசித்தார்கள். மேகத்துக்குத் தரையில் நடப்பது போலவே இல்லை.

மாமா எலுமிச்சை ஜூஸ் வாங்கிக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். நீண்ட நாளைக்குப் பிறகு அவர் முகம் இளகியிருந்தது.

பட்!

மாமாவின் தோள் குலுங்கியது. ஜூஸ் சட்டையில் சிந்தியது.

எதிரே இருந்த கடையில் ஒரு பெரிய பலகை. வரிசை வரிசையாகப் பலூன்கள். அம்பு எறிந்து பலூனை உடைக்க வேண்டும். மேலே 'உடைத்தால் பரிசு' என்று சாக்பீஸால் எழுதியிருந்தது.

பட்! பட்!

மாமா தம்ளரைக் கீழே வைத்தார். அவர் விரல்கள் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

"அக்கா, எனக்குத் தலை வலிக்குது. நான் வீட்டுக்குப் போறேன்" என்றார்.

"வந்ததே இப்பதானே?" அம்மாவின் முகம் வாடிவிட்டது.

மேகம் சுற்றிலும் பார்த்தாள். மரத்தடியில் சக்கர நாற்காலியில் இருந்தவர், ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்களை மூடிக்கொண்டார். ஊன்றுகோலோடு நின்ற இன்னொருவர் கூட்டத்தை விட்டு விலகி, மதில் ஓரமாகப் போய்விட்டார்.

இது தலைவலி இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"அந்தக் கடையை நிறுத்தச் சொல்லட்டுமா மாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மாமா அவளை ஒரு கணம் பார்த்தார். "வேணாம்மா. பிள்ளைங்க சந்தோஷமா விளையாடுது. எனக்காக எதையும் நிறுத்தக் கூடாது."

மேகம் யோசித்தாள். பிறகு பட்டாணியின் கையை மாமாவின் கையில் கொடுத்தாள். "இவனைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க மாமா. விட்டா ஓடிடுவான். இதோ வந்துடறேன்."

பட்டாணியைப் பிடித்துக்கொண்டு யாராலும் எங்கும் போக முடியாது.

பலூன் கடை அண்ணா கன்னம் உப்ப ஒரு பலூனை ஊதிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இந்த விளையாட்டைச் சத்தமில்லாம விளையாட முடியாதா?"

அவர் சிரித்தார். "பட்டுன்னு உடைஞ்சாத்தானே பாப்பா அது பலூன்?"

"கொஞ்சம் திரும்பிப் பாருங்க அண்ணா. அந்த மரத்தடியில. அப்புறம் மதில் பக்கத்துல."

அவர் திரும்பினார். பின்னால் ஒரு சிறுவன் அம்பை எறிந்தான். பட்! சக்கர நாற்காலிக்காரர் கண்களை இறுக மூடியதை அவரும் பார்த்தார். அவர் கையிலிருந்த பலூன் புஸ்ஸென்று சுருங்கிப்போனது.

"ஐயோ, இவ்வளவு நேரமா இவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டே நின்னுட்டேனே" என்றார். பிறகு வரிசையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "ஆனா இத்தனை பேர் காத்திருக்காங்க. கடையை மூடினா இங்க சேர வேண்டிய நிதியும் போயிடுமே."

வழக்கம்போல மேகத்தின் பார்வை எங்கோ போயிற்று. பக்கத்து ஜூஸ் கடையில் ஓர் அக்கா தம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். வாளியிலிருந்து ஒரு சோப்புக் குமிழி எழும்பியது. ஊதா நிறமும் பச்சை நிறமும் அதன் மேல் வழிந்தோடின. அது தோரணம் வரை போய், சத்தமே இல்லாமல் மறைந்தது.

"அண்ணா, குமிழி விடலாம்" என்றாள் மேகம்.

பலூன் கட்டும் கம்பியை அண்ணா வளையமாக வளைத்துக் கொடுத்தார். ஜூஸ் கடை வாளியின் சோப்புத் தண்ணீரில் அதை முக்கி ஊதினார்கள். முதல் குமிழி அவர் மூக்கிலேயே உடைந்தது. இரண்டாவது கம்பியை விட்டு வரவே மறுத்தது. ஜூஸ் கடை அக்கா எட்டிப் பார்த்து, "கம்பியில நூல் சுத்துங்க. தண்ணியில கொஞ்சம் சர்க்கரைப் பாகு விடுங்க. சீக்கிரம் உடையாது" என்று ஒரு கரண்டி பாகு ஊற்றினார்.

இந்த முறை குமிழி தாம்பாளம் போல விரிந்து மிதந்தது.

மேகம் பலூன்களைக் கழற்றி வரிசையில் நின்ற குழந்தைகளுக்குக் கொடுத்தாள். பலகையில் இருந்த 'உடைத்தால்' என்ற சொல்லை அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'உடைக்காவிட்டால்' என்று எழுதினாள். குறுக்கே ஒரு கயிறு கட்டினார்கள். குமிழி உடையாமல் கயிற்றைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

வரிசை இன்னும் நீண்டது. குமிழிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூனை நடை போட்டார்கள் குழந்தைகள். அவர்களுக்குப் பின்னால் அப்பாக்களும் பூனை நடை போட்டார்கள். மைதானமே தணிந்த குரலில் பேச ஆரம்பித்தது. மதில் ஓரம் போனவர் ஊன்றுகோலை ஊன்றித் திரும்பி வந்தார். சக்கர நாற்காலிக்காரர் விட்ட குமிழி, கயிற்றைத் தாண்டி மரக்கிளை வரைக்கும் போனது.

பட்டாணி மாமாவை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"உன் வேலையா இது?" என்றார் மாமா.

"நான் எதையும் நிறுத்தலையே மாமா" என்றாள் மேகம்.

மாமா சிரித்துவிட்டார்.

அண்ணா இரண்டு நீளக் குச்சிகளுக்கு நடுவே நூலை வளையமாகக் கட்டி வைத்திருந்தார். பெரிய குமிழிக்கு அதுதான். ஆனால் அதைத் தூக்க இரண்டு கை வேண்டும். மாமா குச்சிகளைப் பார்த்துவிட்டுத் தன் மடித்த சட்டைக் கையைப் பார்த்தார்.

மேகம் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டாள். இன்னொன்றை அவர் பக்கம் நீட்டினாள்.

இருவரும் வாளியில் நூலை நனைத்தார்கள். குச்சிகளை மெல்ல விரித்துப் பின்னால் நடந்தார்கள்.

"மெதுவா, மேகம்" என்றார் மாமா. இந்த முறை ஒரே தடவையில் அவளுக்குக் கேட்டது.

ஒரு படகு அளவு குமிழி எழுந்தது. அதற்குள் மாலை வானம் தலைகீழாக ஆடியது. அது கயிற்றைத் தாண்டி, தோரணங்களைத் தாண்டி, பள்ளிக் கூரைக்கு மேலே போயிற்று. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"வீட்டுக்குப் போலாமா தம்பி?" என்று அம்மா கேட்டாள்.

"இரு அக்கா" என்றார் மாமா, குச்சியை மறுபடி வாளியில் நனைத்தபடி. "இன்னும் ஒண்ணு விட்டுட்டு வர்றோம்."