சுண்ணாம்புப் பொட்டு மேல் பார்க்க

அந்தப் புட்டியின் விலை எண்ணூற்று ஐம்பது யூரோ. சொன்னவர் வலதாரிஸ். தோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு ஆயுசு முழுக்க ஏலக்காரர்களுக்கு ஒயின் மதிப்பிட்டவர். புட்டியைத் தொடக்கூட விடாமல், ஒரு முழ தூரத்தில் நிறுத்தி வைத்தே அவரிடம் விலை கேட்டார் தோனா எத்தெல்வினா. அவர் சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

"விக்கறதுக்குக் கேக்கலை. எவ்வளவுக்கு விக்காம வச்சிருக்கேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அது அவருடைய மகன் துவார்த்தே மிதித்துப் பிழிந்த ஒயினில் மிஞ்சிய கடைசிப் புட்டி. அவனுக்குக் கல்யாணமான வருடத்து அறுவடை. பத்து வருடத்துக்கு முன் மார்ச் மாத வெள்ளத்தில், அணைக்கு மேலே இருக்கும் வளைவில், அவன் படகு கவிழ்ந்தது. இன்று அந்த நாள். ஒரு சிறு படகை வாடகைக்குப் பேசி, அந்த வளைவு வரைக்கும் போய், அங்கே புட்டியைத் திறப்பதாக ஏற்பாடு. படகில் ஏழு பேர்; எட்டாவது கோப்பை ஆற்றுக்கு. வலதாரிஸுக்கும் அழைப்பு இருந்தது. அவர் போகிற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும் நண்பர் திபூர்சியு, மருந்துக்கடையை மகளிடம் விட்டுவிட்டவர், அழைக்காமலே வந்திருந்தார்.

ரேகுவா துறையில் ஏறும்போதே ஒரு சிறு ரகளை. மருமகன் பிராஷ், போர்த்தோ நகரத்தில் காப்பீடு விற்பவன், எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது தொலைந்தால் என்ன கிடைக்கும் என்று யோசிக்கிறவன், கூடையில் படுத்திருந்த புட்டியைத் தூக்கி மேசைமேல் நிமிர்த்தி வைத்துப் படம் எடுத்தான்.

"அடப்பாவி!" என்று கத்தினார் கிடங்குக்காரர் ஸெஃபெரீனு. "இத்தனை வருஷம் படுத்துக் கெடந்ததை எழுப்பி உக்கார வச்சிட்டீங்களே மாப்பிள்ளை! அடி வண்டலெல்லாம் கலங்கிடாதா?"

"ஒரு போட்டோ எடுத்தா ஒயின் கோவிச்சுக்குமா?"

"ஒயின் கோவிச்சுக்காது. நான் கோவிச்சுக்குவேன்," என்றார் தோனா எத்தெல்வினா.

துவார்த்தேயின் மனைவி நோயேமியா ரொட்டிக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். கறுப்புடை, வெறுங்காது. நாளைக் காலை பிரான்சுக்கு, அக்கா வீட்டுக்கு, ரயிலேறப் போகிறவள். திரும்பி வருகிற உத்தேசம் இல்லை என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அவள் புட்டியை இரண்டு கையாலும் வாங்கினாள். மெல்லச் சாய்த்துக் கூடையில் படுக்க வைத்தாள். சுண்ணாம்புப் பொட்டு மேல் பார்க்கும்படி ஒரு சின்னத் திருப்பு. இரு பக்கமும் துணியை அணை கொடுத்துவிட்டு ரொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

கிடங்கில் இந்தக் கறுப்புப் புட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு கிடையாது. ஒரு பொட்டுச் சுண்ணாம்புதான். முதன்முதலில் படுக்க வைத்தபோது எது மேல் பக்கமோ அங்கே வைப்பார்கள். பிறகு எத்தனை முறை இடம் மாற்றினாலும் பொட்டு மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் வண்டல் கீழே படிந்தபடி கிடக்கும். மற்ற வீடுகளில் தூரிகையால் வைப்பார்கள். துவார்த்தே கட்டைவிரலைத் தோய்த்து ஒற்றுவான்.

படகு அணையின் மதகுக்கூண்டுக்குள் நுழைந்தது. பின்னால் இரும்புக் கதவு மூடியது. நாலு பக்கமும் ஈரச்சுவர். அடியில் தண்ணீர் ஏற ஏற, கிணற்றிலிருந்து வாளி வருவதுபோலப் படகு மேலே வந்துகொண்டிருந்தது. எல்லோரும் மேல்தளத்தில் நின்றார்கள். தோனா எத்தெல்வினா முன்முனையில் ஜெபமாலை உருட்டினார். பத்து வருடமாக வீட்டு அலமாரியில் அவர் பூட்டி வைத்திருந்த புட்டி இப்போது கீழறையில் தனியாக இருந்தது.

வெயில் மறுபடி முகத்தில் பட்டது; மேல் கதவு திறந்தது. கீழே இறங்கிய தோனா எத்தெல்வினா உடனே கூடையோடு ஏறி வந்தார். நேராக வலதாரிஸிடம்.

"நீங்க விலை சொன்ன சரக்கு இது இல்லை."

"எப்படிச் சொல்றீங்க அம்மா?"

"இது என் பிள்ளை விரல் இல்லை."

பிராஷ் பெருமூச்சு விட்டான். "அத்தை, அதே கறுப்பு பாட்டில், அதே மெழுகு, அதே பொட்டு. பத்து வருஷத் துக்கம், வயசும் ஆச்சு. போர்த்தோவில நல்ல கண் டாக்டர் இருக்கார்..."

"உன் மனசுல ஓடறதே எனக்குத் தெரியுது. இது தெரியாதா?" அவர் வலதாரிஸின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "வளைவு வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க. வேற எவனோ மிதிச்சதை என் பிள்ளைக்கு ஊத்திட்டு, எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போவேன்?"

வலதாரிஸ் புட்டியைக் கவனமாக உயர்த்தி அடிப்பாகத்தைப் பார்த்தார். கண்ணாடியில் ஏதோ அச்சு இருந்தது. திரும்பப் படுக்க வைத்தார்.

"கூண்டுக்குள்ள இருந்தப்போ கீழே போனது யாரு?"

"நான் போன் பேசப் போனேன்," என்றான் பிராஷ். "சிக்னலே இல்லை. உடனே ஏறிட்டேன்."

"அத்தைக்குச் சால்வை எடுக்கப் போனேன்," என்றாள் நோயேமியா.

"நான் எங்க போறது? பின்கயிறு பூரா என் கையிலதானே இருந்துச்சு," என்று ஸெஃபெரீனு நனைந்து சிவந்த உள்ளங்கையைக் காட்டினார். படகோட்டி ஆமாம் என்றான்: அவர் கயிற்றை விட்டிருந்தால் படகு சுவரில் மோதியிருக்கும்.

வலதாரிஸோடு கீழே இறங்கும்போதே திபூர்சியு தீர்ப்பு எழுதிவிட்டார். "பிராஷ்தான். எண்ணூத்தம்பது யூரோ! காலையில எடுத்த போட்டோவை வாங்கறவனுக்கு அனுப்பியாச்சு. பையைச் சோதிப்போம்."

"ஓய், நீர் கடையில உக்காந்திருந்தப்போவும் இப்படித்தானே? இருமறதுக்கு முன்னாடியே மருந்து."

"ஆனா இருமல் நின்னுச்சா இல்லையா?"

பிராஷின் பையில் சட்டையும் சார்ஜரும்தான் இருந்தன. ஆனால் அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியில் லைஃப் ஜாக்கெட் பெட்டி இருந்தது. மூடியைத் தூக்கியதும் திபூர்சியுவின் கை பாய்ந்தது.

"தொடாதீர்!" வலதாரிஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "எப்படிக் கெடக்குதுன்னு பாரும்."

இரண்டு ஜாக்கெட்டுகளை மடித்து மெத்தைபோல் விரித்து, அதன்மேல் புட்டி படுத்திருந்தது. உருளாமல் இரு பக்கமும் வார்ப்பட்டைகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. சுண்ணாம்புப் பொட்டு மேல் பார்த்துக்கொண்டிருந்தது. அகலமான, ஓரம் தேய்ந்த கட்டைவிரல் ஒற்று.

வலதாரிஸ் புட்டியைக் கிடந்த நிலை மாறாமல் எடுத்துக் கையில் எடை பார்த்தார். கழுத்து மெழுகை நகத்தால் தடவினார். கிடங்கு மெழுகு வழவழப்பாக இருக்கும். இதில் அதன்மேல் இன்னொரு அடுக்கு, சொட்டுச் சொட்டாக, கையால் ஊற்றியது. அவர் முகம் வாடிவிட்டது. களவுப்பொருள் கிடைத்தவனுக்கு அப்படி வாடாது.

"கிடைச்சிடுச்சே, ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீர்?" என்றார் திபூர்சியு.

"இதைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்."

கீழறைக்கு எல்லோரையும் அழைத்தார். படகோட்டி சுக்கானில் நின்றபடியே கதவு வழியாகக் காது கொடுத்தான். மேசைமேல் இரண்டு புட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. தோனா எத்தெல்வினா தன் புட்டியின் பொட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு அதை எடுக்கவே இல்லை.

"பெட்டி என் சீட்டுக்கு அடியில இருந்ததால நான் திருடன் ஆயிடுவேனா?" என்று பிராஷ் முந்திக்கொண்டான்.

"இல்லை மாப்பிள்ளை. நீங்க எடுத்திருந்தா நிமிர்த்தி வச்சிருப்பீங்க. காலையில நாங்கதான் பாத்தோமே. இதை எடுத்த ஆளுக்கு இருட்டு, அவசரம், மேல மாமியாரு, அடுத்த நிமிஷம் யாரு இறங்கி வருவாங்களோன்னு பயம். அப்படியும் மெத்தை போட்டு, அணை கொடுத்து, பொட்டு மேல பாக்கத் திருப்பி வச்சிருக்கு. யோசிச்சுப் பண்ணினதில்லை. கிடங்குல பழகின கை, களவு பண்ணும்போதும் அப்படித்தான் வைக்கும்."

"அப்போ நானா?" என்றார் ஸெஃபெரீனு.

"உமக்குக் கை உண்டு. ஆனா ரெண்டு கையிலயும் கயிறு இருந்துச்சு. மாப்பிள்ளைக்கு நேரம் இருந்துச்சு, கை இல்லை. ரெண்டும் இருந்தது ஒருத்தருக்குத்தான். காலையில இந்த பாட்டிலை யாரும் சொல்லாமலே படுக்க வச்சாங்க பாருங்க, அவங்களுக்கு."

யாரும் நோயேமியாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதற்கு எல்லோரும் மெனக்கெட வேண்டியிருந்தது.

"ஆனா திருட்டுன்னு சொன்னா கணக்கு உதைக்குது," என்றார் வலதாரிஸ். "பதிலுக்கு வச்ச பாட்டிலோட அடியில பக்கத்துத் தோட்டத்து அச்சு இருக்கு. அதே வருஷம்னா, சந்தையில அறுநூறு யூரோ. எண்ணூத்தம்பதைத் தூக்க எவனாவது அறுநூறை வச்சிட்டுப் போவானா? ரெண்டு ரொட்டி வித்தவன்கூட அந்த வியாபாரத்துக்கு வரமாட்டான். இது எடுக்கறதுக்காக மாத்தினது இல்லை. குடுக்கறதுக்காக மாத்தினது. உங்க பாட்டில் கனம் குறைவா இருக்கும்மா. மெழுகு ரெண்டு அடுக்கு. இதை யாரோ முன்னாடியே ஒரு தடவை திறந்திருக்காங்க."

தோனா எத்தெல்வினாவின் விரல் பொட்டின்மேல் நின்றது.

"முதல் வருஷத் திவசத்தன்னிக்கு," என்றாள் நோயேமியா, தரையைப் பார்த்து. "நீங்க கோயிலுக்குப் போறப்போ சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போனீங்க அத்தை. அந்த ஒரு நாள்தான் குடுத்தீங்க. ஒரு கோப்பை குடிச்சேன். அவர் கால் பட்டதுன்னு அந்த வீட்டுல வேற என்ன மிச்சம் இருந்துச்சு? குடிச்சிட்டு மெழுகுவத்தி உருக்கி மூடிட்டேன். காத்துப் பட்டா செத்துடும்னு எனக்குத் தெரியும். இத்தனை வருஷமா நீங்க அந்த அலமாரியைத் துடைக்கறப்போல்லாம் உள்ள செத்துக்கிட்டு இருக்கிறது எனக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உங்க வாய்க்கு நல்லதா ஒண்ணு குடுத்துட்டுப் போகலாம்னு பாத்தேன். ரொட்டிக்கு அடியில ஒளிச்சுக் கொண்டாந்தேன்."

"தோடு எங்கே?" என்றார் மாமியார்.

நோயேமியாவின் கை வெறுங்காதை மூடிக்கொண்டது. அறுநூறு யூரோ எங்கிருந்து வந்தது என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

"பழசைத் தூக்கி ஆத்துல போட்டிருந்தா மாட்டியிருக்கவே மாட்டியேம்மா," என்றார் திபூர்சியு, நிஜமான வருத்தத்தோடு.

"அவரை ரெண்டு தடவை எப்படிங்க ஆத்துல போடறது?"

திபூர்சியு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

தோனா எத்தெல்வினா மருமகளின் கையைப் பிடித்து இழுத்தார். அவளுடைய கட்டைவிரலை மாற்றுப் புட்டியின் பொட்டின்மேல் வைத்தார். அச்சாகப் பொருந்தியது. பிறகு மகனின் பொட்டின்மேல் வைத்தார். அதன் நடுவில், பெரிய செருப்புக்குள் குழந்தையின் பாதம்போல, அந்த விரல் சிறுத்து நின்றது. வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தார்.

"வளைவு வந்தாச்சு அம்மா," என்றான் படகோட்டி. இயந்திரம் நின்றது. இரு கரையிலும் மொட்டையாக நின்ற கொடி வரிசைகள் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தன.

"எதைத் திறக்கட்டும்?" என்று கேட்டார் ஸெஃபெரீனு.

"இதென்ன கேள்வி? என் பிள்ளையோடதை."

ஸெஃபெரீனு மெழுகைக் கீறினார், தக்கையை எடுத்தார், முகர்ந்தார், யார் முகத்தையும் பார்க்கவில்லை. எட்டுக் கோப்பைகளை வரிசையாக வைத்து ஊற்றினார். சிவப்பு போய்ப் பழுப்பாக வந்தது. ஏழு நிறைந்ததும் கழுத்துக்கு வண்டல் வந்துவிட்டது, கையை நிறுத்தினார். எட்டாவது கோப்பை காலி.

"அது முன்னாடியே குடிச்சாச்சு," என்றார் தோனா எத்தெல்வினா.

முதல் கோப்பையை அவரே படகின் விளிம்பில் சாய்த்து ஆற்றுக்கு ஊற்றினார். மற்றவர்களுக்குத் தன் கையால் கொடுத்தார். மருமகளுக்குக் கொடுக்கவில்லை.

ஆணி ஊறிய மழைத்தண்ணீர் மாதிரி இருந்தது. முப்பது வருடம் மற்றவர்களுக்குக் கசப்பு ஊற்றிக் கொடுத்த திபூர்சியு முகம் சுளிக்காமல் விழுங்கினார். பிராஷ் குடித்தான், அவன் வாய் அன்று முதல் தடவையாக ஒரு விலையும் சொல்லவில்லை. ஸெஃபெரீனு தலை குனிந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

தோனா எத்தெல்வினா பாதி குடித்தார். பிறகு கோப்பையை நோயேமியாவின் முன் நீட்டினார்.

"உன் பங்கு முடிஞ்சுபோச்சு. இது என் பங்கு. கடனா வாங்கிக்கோ."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எதை வச்சு அடைப்பேன் அத்தை? பாட்டில் காலி," என்றாள்.

"செப்டம்பர்ல அறுவடை. தொட்டியில மிதிக்க ஆள் இல்லை. அடைச்சிட்டுப் போ. அதுக்குள்ள பிரான்ஸ் எங்கேயும் ஓடிடாது."

"அந்த நல்ல பாட்டில்?" என்று மெல்லக் கேட்டான் பிராஷ்.

"அது தோட்டை மீட்கப் போகுது. நீயே வித்துக் குடு. அறுநூறுக்குக் கீழே வித்தா வீட்டுக்கு வராதே."

படகு திரும்பியது. வலதாரிஸ் பின்முனையில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் மனதுக்குள் கணக்கைக் கூட்டினார். புட்டி ஒன்றுக்குக் கோப்பை எட்டு. முன்பே போனது ஒன்று. ஆற்றுக்கு ஒன்று. உயிரோடிருப்பவர்களுக்கு ஆறு. எட்டும் நேர்.

நோயேமியா பேரில் பற்று: அரைக் கோப்பை. வரவு இல்லை.