ரிப்பன் கட்டிய நாணல்

"அதுல கை வெக்காதீங்க..."

குரல் வந்த பக்கம் அவள் திரும்பவில்லை. நாணல் தூருக்குள் மண்வெட்டியை இன்னும் ஆழமாக இறக்கினாள். தலைக்கு மேலே வெள்ளிக் கதிர்கள் மழைக்காற்றில் அலைந்தன.

"உங்களைத்தாங்க. இந்தத் தூருதான் கரையைப் புடிச்சு வெச்சிருக்கு. இதைப் பேத்துட்டுப் போனா அடுத்த வெள்ளத்துல கரையும் உங்க பின்னாடியே வந்துடும்."

இப்போது திரும்பினாள். ஆற்றங்கரைக் காவலன். கையில் குடை இருந்தும் விரிக்காமல் தூறலில் நின்றான். கண்ணில் மட்டும் ஒரு சிரிப்பு...

"புல்லுக்குக் காவலா?"

"கரைக்குங்க. சம்பளம் அதுக்குத்தான்."

"நல்லா காத்தீங்க. நடுவுல பாருங்க... காஞ்சு போச்சு. ஓரத்துலதான் உயிர் இருக்கு. பிரிச்சு நடலைன்னா மொத்தமும் போயிடும்."

குனிந்து பார்த்தான். தூருக்கு நடுவே வழுக்கைத் தலை மாதிரி ஒரு வட்டம். இத்தனை நாள் கண்ணில் படவே இல்லையே... ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

மழை வலுத்தது. குடையை விரித்து அவள் பக்கம் நீட்டினான்.

"உங்க குடையும் வேணாம், உங்க கரையும் வேணாம்." விறுவிறுவென்று நடந்தாள். வளைவில் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்... எதற்கென்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

மண்வெட்டி அங்கேயே கிடந்தது.

அவளுக்கு அந்தத் தூர் ஏன் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவின் நர்சரி வாசலில் ஒரு பாத்தி, அவள் தன் யோசனையில் போட்ட முதல் பாத்தி. முழுக்க நாணல். அத்தனையும் படுத்துவிட்டது. மழைக்காலம் முடிவதற்குள் நிமிராவிட்டால் பிடுங்கிவிட்டு குரோட்டன்ஸ் வைப்பதாக அப்பா சொல்லிவிட்டார். ஆற்றங்கரைத் தூராவது நிற்குமே என்றுதான் போனாள்.

நாலைந்து நாள் கழித்து அவன் வந்தான், மண்வெட்டியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு. அதன் பிடியில் நர்சரியின் பெயர் எழுதியிருந்தது. வாசல் பாத்தியைப் பார்த்தான். தூருக்கு ஒரு குச்சி, குச்சிக்கு ஒரு ரிப்பன். சிரித்துவிட்டான்.

"என்ன சிரிப்பு?"

"ஜடை பின்னிவிட்டா நிக்குமா? என்ன சாப்பாடு போடுறீங்க இதுங்களுக்கு?"

"வாரம் தவறாம தொழு உரம்."

"அதான்... தின்னுட்டுப் படுத்துக்கிச்சு. ஆத்தங்கரையில இதுக்கு யாருங்க உரம் வெச்சா? வெறும் மணலும் வெயிலும்தான்."

உள்ளேயிருந்து அப்பா வந்தார். "எம் பொண்ணு பாத்தியைப் பாத்து சிரிக்கறதுக்கு உங்களை யாரும் கூப்பிடலை தம்பி."

அவன் முகம் சுருங்கியது. மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுப் போனான். அவள் தடுக்கவில்லை. சிரிச்சுட்டானே என்று கோபம்... போறானே என்று இன்னொன்று. அன்று சாயங்காலமே பாத்தியில் உட்கார்ந்து உரமண்ணை அள்ளி வெளியே கொட்டினாள்.

அடுத்த வாரம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. மணல் மூட்டைகள், மேலே ஈரச் சாக்கில் சுற்றிய நாணல். அவன் நேராக அப்பாவிடம் போனான்.

"ஐயா, சிரிச்சது தப்புதான். உங்க பொண்ணு சொன்னதுதான் சரி. அந்தத் தூரைப் பிரிச்சு கரை நெடுக நட்டுட்டோம். மேலதிகாரியைக் கேட்டுட்டு ஒரு துண்டு கொண்டாந்தேன்."

"மணல்?"

"கடையில வாங்கினதுங்க. கரையை நானே சொரண்டினா வேலை போயிடும்."

முதல் மூட்டையை அப்பாவே பிரித்துக் கொட்டினார்.

"நீங்க சொன்னதும் சரிதான்... உரத்தைப் பத்தி," என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டே.

கடைசி மழை ஓய்ந்தபோது பாத்தி முழுக்க நிமிர்ந்து நின்றது. குச்சி இல்லை, ரிப்பன் இல்லை. கதிர்கள் அப்போதுதான் விரிந்திருந்தன. பார்க்க வந்தவன் ஒரு கதிரை விரலால் தடவினான்.

"ஒண்ணு சொல்லணும்..." என்றாள் அவள். "அன்னிக்கு நான் மண்வெட்டியை மறந்துட்டு வரலை."

"தெரியும். வளைவுல திரும்பிப் பாத்தீங்களே."

"தெரிஞ்சுமா அத்தனை நாள் கழிச்சு வந்தீங்க?"

"மறுநாளே வந்தா வழியறேன்னு நெனைப்பீங்க..." நாணலைப் பார்த்தபடியே சொன்னான். "எனக்கு உங்களைப் புடிச்சிருக்குங்க."

"அதை நாணல்கிட்டயா சொல்றது?"

திரும்பினான். அந்தக் கண்களைப் பார்த்ததும் அவளுக்கும் வார்த்தை தடுமாறியது. "எனக்கும்..." அவ்வளவுதான் வந்தது.

அவன் கிளம்பிப் போன பிறகு அப்பா வாசல் கேட் பக்கம் வந்து நின்றார். கேட்டில் ஒரு குடை தொங்கியது.

"இவரும் மறந்துட்டுப் போன மாதிரி தெரியலையே..." குடையை எடுத்து அவளிடம் நீட்டினார். "போய்க் குடுத்துட்டு வாம்மா. மெதுவா வந்தா போதும்."